முப்பத்தெட்டாம் நம்பர் டோக்கனின் கூட்டுத்தொகை

ஐ.டி. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். ஊக்கமூட்டும்படி இருக்க வேண்டுமாம். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் முப்பத்தோரு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே காலம் கழித்தவனிடம் போய் ஊக்கம் கேட்கிறார்கள். முதுகுவலி கேட்டிருந்தால் தாராளமாகக் கொடுத்திருப்பேன்.

நான் சேர்ந்தபோது நம் பிரிவுக்கு இ.டி.பி. என்று பேர். அப்புறம் சிஸ்டம்ஸ் ஆனது, அதற்கப்புறம் ஐ.டி. ஆனது. பேர் மாறும்போதெல்லாம் கதவில் புதுப் பலகை மாட்டினார்கள். உள்ளே அதே ஆள், அதே ஒழுகுகிற ஏ.சி. இப்போது உங்களுக்கு அனலிடிக்ஸ் என்று பேர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஏ.சி.யை மாற்றிவிட்டார்களா என்று யாராவது சொல்லுங்கள்.

நம் தொழிலில் அப்படியொன்றும் பெரிய வித்தை கிடையாது. நீங்கள் கலர் கலராக டாஷ்போர்டு போடுகிறீர்கள். அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நடப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரே மாதிரி இருக்கும் வரிகளை ஒன்று சேர்த்துக் கூட்டுவது. அதற்கு எங்கள் காலத்திலிருந்தே ‘ஆக்’ என்று ஒரு கருவி இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒற்றை வரி அடித்தால் போதும். நாலாவது கட்டத்தில் ஒரே எண் இருக்கும் வரிகளையெல்லாம் ஒரு குவியலாக்கி, ஒவ்வொரு குவியலுக்கும் ஐந்தாவது கட்டத்தைக் கூட்டிக் காட்டிவிடும். குந்தாரப்பள்ளிச் சந்தையில் தக்காளியை ரகம் பிரித்துக் கூடை கூடையாக எடை போடுகிறவர்கள் செய்வதும் இதேதான். அவர்களை யாரும் அனலிஸ்ட் என்று கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணுக்குச் செய்ததைத்தான் எழுதப் போகிறேன். ஊக்கம் அதில் எங்காவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. நாம் பைக்குக்கு வயர் கட்டுகள் செய்து கொடுக்கிற கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். வயரின் முனையில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கியை வைத்து மெஷின் அழுத்தும். அழுத்தம் சரியாக விழாவிட்டால் கொக்கி கழன்று, யாரோ ஒருவருடைய பைக் நடுரோட்டில் நின்றுபோகும். அப்படித்தான் சில பைக்குகள் நின்றுபோயின. பைக் கம்பெனிக்காரர்கள் ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆடிட்டுக்கு வருகிறோம் என்று மெயில் போட்டார்கள். அதற்கு முன்னால் காரணம் என்ன என்று எழுதி அனுப்ப வேண்டும்.

பதினோரு மணிக்குக் குவாலிட்டி மேனேஜர் என் அறைக்குள் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், எவ்வளவு அவசரம் என்றாலும் மரியாதை குறையாது.

“சார், ஆறு மாச ரிஜெக்‌ஷன் வேணுங். ஆரு எத்தனை கெடுத்திருக்காங்கன்னு ஆள்வாரியா வேணுங். எக்செல்ல பசங்க தொறந்து பாத்தாங்க, அது அப்படியே நின்னு போச்சுங். ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் போகோணுங்.”

ஆள்வாரியாக ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் மூல காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மெஷின் என்று எழுதினால் மெஷினை நிறுத்த வேண்டும். சரக்கு சரியில்லை என்று எழுதினால் பர்ச்சேஸ்காரர் சண்டைக்கு வருவார். ஆள் என்று எழுதினால் ஆளை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கலாம். அதிலும் கான்ட்ராக்ட் ஆளாக இருந்துவிட்டால் அனுப்புகிற சிரமம்கூட நமக்கில்லை, அதையும் கான்ட்ராக்டரே பார்த்துக்கொள்வார்.

ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் கெட்டுப்போன பீஸ்களை எண்ணி, டோக்கன் நம்பரோடு பதிந்து வைப்பது வழக்கம். டோக்கன் என்பது கான்ட்ராக்ட் பெண்கள் சட்டையில் குத்திக்கொள்கிற பிளாஸ்டிக் அட்டை. பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். யாருக்கு எந்த நம்பர் என்ற பட்டியலைக் கான்ட்ராக்டர் தினமும் காலையில் கேன்டீன் சாப்பாட்டுக்காக அனுப்புவார். நான் என்ன செய்தேன்? ஆறு மாதத்துப் பதிவை டோக்கன்வாரியாகக் கூட்டினேன். அன்றைய பேர்ப் பட்டியலை எடுத்து, நம்பருக்கு நம்பர் பொருத்திப் பக்கத்தில் பேரை ஒட்டினேன். மொத்தம் நாலு நிமிடம்.

முதல் பேர் மஞ்சுளா, டோக்கன் முப்பத்தெட்டு. இரண்டாவதாக வந்தவளைவிட மூன்று மடங்கு அதிகம்.

“சூப்பருங் சார். எக்செல்லுக்கு ஒரு நாள் ஆவுற வேலைங்,” என்றார் மேனேஜர். அவர் போனதும் டீ வரவழைத்தேன். அந்த டீயை நன்றாக ரசித்துக் குடித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். முதல் ஷிப்ட் முடிந்த நேரம். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நீலச் சட்டையில் டோக்கன் இருக்க வேண்டிய இடத்தில் குத்தூசி ஓட்டை மட்டும் இருந்தது. இவள்தான் மஞ்சுளா என்று அவளே சொல்லித்தான் தெரியும். என் அறையிலிருந்து அவள் மெஷின் எழுபது அடி தூரம் இருக்கும். முப்பத்தோரு வருடத்தில் அந்த எழுபது அடியை நான் நடந்தது ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க மட்டும்தான்.

“சார், அந்த லிஸ்ட்ட நீங்கதான் போட்டீங்களாமே,” என்றாள்.

“நான் போடலம்மா. சிஸ்டம் போட்டுச்சு.”

இந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் இதைவிடக் கோழைத்தனமான வாக்கியத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

“சிஸ்டத்துக்கு என்னைய எப்பிடி சார் தெரியும்?”

“டோக்கன வெச்சுத்தான். முப்பத்தெட்டு உன்னோடதுதானே?”

“என்னோடது இல்ல சார். அது சீட்டோடது.”

எனக்குப் புரியவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அவள் நிதானமாகச் சொன்னாள்.

“ஏழாவது மெஷின்ல யாரு ஒக்காந்தாலும் முப்பத்தெட்டுதான் சார். வேலைய விட்டுப் போனா கழட்டிக் குடுத்துட்டுப் போவணும். அடுத்து வர்ற புள்ள அத எடுத்துக் குத்திக்கும். நானு பொங்கலுக்கு அப்புறந்தான் அதுல ஒக்காந்தன். அதுக்கு முன்ன நாலாவது மெஷின், பன்னெண்டாம் நம்பரு. நடுவுல ரெண்டு மாசம் வேலைக்கே வரல. ராகி அறுப்பு. எங்கூரு தேன்கனிக்கோட்டை பக்கம் சார், ஆனை எறங்கிருச்சு. கொல்லையில நானும் எங்கப்பாவும் மாத்தி மாத்திக் காவலு. ஊட்ல இருந்த என் பேர்ல எப்பிடி சார் பீஸ் கெட்டுச்சு?”

அவள் அதோடு நிறுத்தவில்லை.

“நாளைக்கி காலைல ஒம்பது மணிக்கி செலக்‌ஷன் சார். கம்பெனி ரோல்ல, பர்மனென்டா எடுக்கறாங்க. ரெண்டு வருசமா அதுக்குத்தான் மொத பஸ் புடிச்சு வந்துட்டிருக்கன். வர்ற மாசம் எனக்கு இருவத்தெட்டு முடியுது. அதுக்கு மேல ஃபாரமே வாங்க மாட்டாங்க. இப்ப டோக்கனப் புடுங்கிட்டாங்க. டோக்கன் இல்லாம கேட்லயே விட மாட்டான். நீங்க ஒரு வார்த்த சொன்னா உட்டுருவாங்க சார்.”

“பாக்கிறேன்ம்மா,” என்றேன்.

அவள் போனதும் கான்ட்ராக்டரின் மேஸ்திரி நாகராஜுக்குப் போன் போட்டேன். டோக்கனை ஆளுக்குக் கொடுக்கிறாயா, சீட்டுக்கா என்று கேட்டேன்.

“சீட்டுக்குத்தான் சார்,” என்றான். “வாரத்துக்கு நாலு பேரு போறான், நாலு பேரு வர்றான். ஆளுக்கு ஒண்ணு அடிச்சா எத்தன அடிக்கிறது? எந்தச் சீட்டு காலின்னு எனக்குத் தெரிஞ்சா போதும். இருவது வருசமா இப்பிடித்தான் சார் ஓடுது. நீங்க கேக்கவே இல்லியே.”

இருபது வருடம். டோக்கன் நம்பர் இருக்கும் அந்த நாலாவது கட்டத்தை வைத்து நான் எத்தனை ரிப்போர்ட் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கேன்டீன் பட்டியல்கள் எல்லாம் என்னிடமே கிடந்தன. அவற்றை வரிசையாகப் பிரித்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முப்பத்தெட்டில் நாலு பேர் மாறியிருந்தார்கள். யார் உட்கார்ந்திருந்தாலும் கெட்டுப்போன பீஸ் ஒரே அளவுதான். கூட்டல் பொய் சொல்லவில்லை. ஏழாவது மெஷினில் கோளாறு என்று அது ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. நான்தான் அதன் பக்கத்தில் ஒரு பெண்ணின் பேரை ஒட்டினேன்.

ஆகவே பிள்ளைகளே, எந்த இரண்டு பட்டியலைப் பொருத்தினாலும், பொருந்துகிற கட்டத்தில் இருப்பது ஆளா நாற்காலியா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம்பருக்கு நம்பர் பொருந்துவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தை நம்ப வேண்டாம். பெரிய பாடம் என்றெல்லாம் இல்லை, எழுபது அடிதான்.

மூன்று மணிக்கு மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்றால், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிச் சொன்னேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ரிப்போர்ட் போயிருச்சுங் சார். இப்பப் போயி மெஷின்னு சொன்னா, நேத்து வரைக்கும் என்ன புடுங்கிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்க. நாளைக்கு ஆடிட் முடியட்டுங், பாத்துக்கலாங். ஒரு பொண்ணுதானுங். கான்ட்ராக்டரு வேற கம்பெனில போட்டுக்குவாருங்.”

“அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் காலைல செலக்‌ஷன்…”

“ஆடிட் முடியட்டுங் சார்.”

“சரிங்க,” என்றேன்.

ஏன் சரி என்றேன் என்று கேட்பீர்கள். எட்டு மாதம்தான் பாக்கி. முப்பது வருடத்துக்கு மேல் முதுகெலும்பு இல்லாமல் ஓட்டியவனுக்கு இன்னும் எட்டு மாதம் ஓட்டுவதில் என்ன கஷ்டம்? இதெல்லாம் எச்.ஆர். வேலை, குவாலிட்டி வேலை, நம் வேலை கூட்டிக் கொடுப்பது மட்டும்தான் என்று எனக்கு நானே அழகாகச் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு உங்களுக்கும் இது தேவைப்படும், அதனால் எழுதி வைக்கிறேன். நல்ல வசதியான காரணம். நம் பிரிவில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் பத்து மணிக்கு ஆடிட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். தடிமனான கண்ணாடி போட்ட இன்னொருவர் பேசவே இல்லை. பேசாதவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மேனேஜர் முந்திரி பிஸ்கட் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஆள் தவறு, ஆளை அனுப்பியாச்சு, புது ஆளுக்கு டிரெயினிங் என்று படம் போட்டு விளக்கினார். எல்லாம் முடிந்ததும் கண்ணாடிக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“இந்த லிஸ்ட் எடுத்தவரக் கூப்பிடுங்க. எப்படி எடுத்தார்னு எங்க முன்னாடி எடுத்துக் காட்டட்டும்.”

என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய திரையில் என் கறுப்பு ஜன்னல் விரிந்தது. மேலே யார் பேர் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. மஞ்சுளா பேர் வராது என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் அன்று காலைப் பட்டியலில் அவள் இல்லை. பூசி மெழுகவும் ஒரு வழி இருந்தது. முந்தின நாள் பட்டியலை எடுத்து ஓட்டினால் பழையபடி மஞ்சுளா பேரே வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. என் கை அந்தப் பக்கம் போனது என்பதை மறைக்கப் போவதில்லை. கண்ணாடிக்காரர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததால்தான் அது நடக்கவில்லை. என் நேர்மைக்கு அவருடைய கண்ணாடியின் பவர்தான் காரணம்.

வரியை அடித்தேன். முதல் பேர் பவானி, டோக்கன் முப்பத்தெட்டு.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “நேத்து மஞ்சுளா. இன்னைக்கு பவானி. நம்பர் மட்டும் மாறல. யார் இந்த பவானி, வரச் சொல்லுங்க.”

பவானி வந்தாள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண், மடிப்புக்கூடக் கலையாத புது நீலச் சட்டை. அவ்வளவு பெரிய மேசையைப் பார்த்து மிரண்டு போய், கதவோரமாகவே நின்றாள்.

“எத்தனை நாளா இங்க வேலை செய்றீங்கம்மா?”

“காலைல ஆறு மணிக்கி வந்தன் சார்.”

யாரும் பிஸ்கட்டை எடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“ஆறு மாச ரிஜெக்‌ஷன நாலரை மணி நேரத்துல முடிச்சிருக்காங்க. திறமையான பொண்ணுதான். இவங்களையும் இன்னைக்கே அனுப்பிடுவீங்களா?”

அப்போதுதான் எனக்கு முதுகெலும்பு முளைத்தது. அறையில் ஆறு பேர், இரண்டு பேர் வெளியாட்கள், திரையில் சாட்சி. இத்தனையும் இருந்தால் யாருக்கும் முளைக்கும். டோக்கன் ஆளுடையது இல்லை, சீட்டுடையது என்று விளக்கினேன். அந்த நாலு பேரின் பட்டியலையும் போட்டுக் காட்டினேன். குரல்கூடக் கொஞ்சம் கம்பீரமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

எல்லாரும் ஏழாவது மெஷினுக்கு நடந்தோம். மெயின்டனன்ஸ்காரர் அழுத்துகிற அச்சை, டை என்பார்கள், கழற்றி லென்ஸுக்கு அடியில் வைத்தார். ஒரு பக்கம் நன்றாகவே தேய்ந்திருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று பழைய குறிப்பு ஒன்று மெஷினிலேயே டேப் போட்டு ஒட்டிக் கிடந்தது, எழுத்துகூட மங்கிவிட்டது. ஏழாவது சீட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணும் தினமும் எட்டு மணி நேரம் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறாள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஆடிட் பிரமாதமாக முடிந்தது. கோளாறைத் தாங்களே கண்டுபிடித்த கம்பெனி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் எனக்குக் கை கொடுத்தார். மேனேஜர் என் தோளில் தட்டி, “நீங்க இல்லீன்னா இன்னைக்கு மாட்டியிருப்போமுங் சார்,” என்றார். முதல் நாள் கதவிடுக்கில் நீண்ட தலை அவருக்கு ஞாபகமே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பதினொன்றரைக்கு எச்.ஆர். அறைக்குப் போய், மஞ்சுளா பேரைச் செலக்‌ஷனில் சேர்க்க வேண்டும் என்றேன். அந்த அம்மாள் பைலை மூடி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். “ஒம்பதே கால் வரைக்கும் பாத்தோம் சார், அந்தப் பொண்ணு உள்ளயே வரல. பத்தேகாலுக்கு முடிச்சு லிஸ்ட் மேல அனுப்பியாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்.” அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும் என்றேன். “ரூல்ஸ் அப்படி சார்,” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் ஏதோ ஒரு கட்டத்தைப் பொருத்திப் பார்க்கிறவர்தான்.

மஞ்சுளாவை மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொல்லி நாகராஜிடம் சொன்னேன். கூப்பிட்டானாம். ‘இன்னொரு சீட்டுல ஒக்கார வர மாட்டன்’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். அத்திப்பள்ளி தாண்டி ஏதோ ஒரு கம்பெனிக்குப் போவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கேயும் கான்ட்ராக்ட்தான்.

அன்று மத்தியானம் கேட்டுக்குப் போய் செக்யூரிட்டியிடம் கேட்டேன், காலையில் இப்படி ஒரு பெண் வந்தாளா என்று.

“எட்டு மணிக்கே வந்துடுச்சு சார். பட்டுப்பொடவ கட்டிட்டு, கையில ஃபைலோட. டோக்கன் இல்ல, உள்ள விட முடியாதுன்னேன். உங்க பேரச் சொல்லுச்சு. அவருக்குத் தெரியும், ஒரு வார்த்த கேளுங்கன்னு. ஒம்பதே முக்கா வரைக்கும் இங்கயேதான் நின்னுச்சு. உங்க ரூமுக்கு ரெண்டு தடவ போன் அடிச்சேன் சார். நீங்க இன்னும் வரலன்னு நெனச்சேன்.”

வந்திருந்தேன். ஏழரை மணிக்கே வந்துவிட்டேன். இரண்டு தடவையும் மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போனில் ஒரு சின்னத் திரை உண்டு, எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அதில் வரும். மெயின் கேட் என்று வந்தது. அங்கே நிற்பது யார், எதற்காக நிற்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். எடுத்து, உள்ளே விடுங்கள் என்று சொன்னால் போதும். மணி அடித்து ஓயும் வரை நான் துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.